சுயமாகச் சிந்திக்க விரும்புவோர் இங்கே கையொப்பமிடவும்

பதாகையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: ‘சுயமாகச் சிந்திப்போம், சுயதொழிலில் உயர்வோம்.’ அதன் கீழே அனுசரணையாளர்களின் சின்னங்கள் வரிசையாக ஏழு. நாங்கள் சிந்திப்பதற்கு ஏழு பேர் காசு கொடுத்திருக்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள். வாசலில் வருகைப் பதிவேடு. பதிவேட்டுக்குப் பக்கத்தில் சோற்றுப் பார்சல் அடுக்கிய அட்டைப் பெட்டி, ஒப்பம் வைத்தவரையும் வைக்காதவரையும் பிரித்தறியும் தூரத்தில்.

விடத்தல்தீவில் இந்தக் கூட்டம் என்றைக்கு நடந்தது என்று கேட்காதீர்கள். அது நடந்துகொண்டே இருக்கிறது, பதாகைதான் மாறுகிறது. ஒருமுறை இறால். ஒருமுறை கடலட்டை. ஒருமுறை தையல் மெசின். இடையில் கோழிக்குஞ்சு.

வளவாளர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நான் சொல்லுறதை எல்லாரும் திருப்பிச் சொல்லுங்கோ. நான் சுயமாகச் சிந்திப்பேன்” என்றார். மண்டபம் ஒரே குரலில் திருப்பிச் சொன்னது. சத்தம் போதாது என்று இன்னொரு தரம் சொல்ல வைத்தார். இரண்டாவது தரம் இன்னும் ஒற்றுமையாக இருந்தது.

பிறகு படம் போட்டார். முதல் படத்தில் சிங்கப்பூர். இரண்டாவது படத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் கைகட்டி வானத்தைப் பார்க்கிறார். மூன்றாவது படத்தில் எங்கள் கடற்கரை. ஆனால் அதில் எங்கள் கண்டல் இல்லை, வள்ளம் இல்லை, நாங்களும் இல்லை. சதுரம் சதுரமாகத் தொட்டிகள். தொட்டிக்கு மேல் ஓர் அம்புக்குறி, அம்புக்குறியின் நுனியில் டொலர்.

பின்வரிசையில் இருந்த பழைய சம்மாட்டி ஒருவர் எழும்பினார்.

“தம்பி, இந்த யோசினை உங்கட சொந்த யோசினையோ?”

“இல்லை ஐயா. இது ஏற்கனவே வெற்றிகரமாகச் செய்து காட்டின மாதிரித் திட்டம்.”

“எங்க செய்து காட்டினவை?”

“புத்தளத்தில.”

சம்மாட்டி இருந்துவிட்டார். இருக்கும்போது கதிரை கிறீச்சிட்டது. அதை அவருடைய கருத்தாக எடுத்துக்கொள்ளலாம்.

புத்தளத்தில் என்ன செய்து காட்டினார்கள் என்பதை இந்தக் கடலோரத்தில் தெரியாதவர் இல்லை. எண்பதுகளில் சிலாபத்திலிருந்து புத்தளம் வரை இறால் பண்ணைகள் முளைத்தன. முதலில் பெரிய கொம்பனிகள். அதைப் பார்த்துச் சிறிய முதலாளிகள். அவர்களைப் பார்த்துத் தென்னந்தோட்டக்காரர். அவர்களைப் பார்த்து, மனைவியின் தாலிக்கொடியைத் தவிர வேறு முதலில்லாதவர்கள். அனுமதி எடுத்தவரும் வெட்டினார், எடுக்காதவரும் வெட்டினார். கண்டலை வெட்டினார்கள், உவர்ச் சதுப்பை வெட்டினார்கள், கடைசியில் வயலையும் வெட்டினார்கள். ‘ஏன் வெட்டுகிறாய்?’ என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரே பதில்தான்: ‘பக்கத்தில வெட்டுறாங்கள்.’

1988, 89இல் முதல் நோய் வந்தது. யாரும் நிற்கவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. அது எப்படிப் பரவியது என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள், ஏனென்றால் முழுக் கதையும் அதற்குள்தான் கிடக்கிறது. அந்தப் பண்ணைகளில் பல ஒல்லாந்தர் வெட்டிய அதே கால்வாயிலிருந்தும் அதை ஒட்டிய களப்புகளிலிருந்தும் தண்ணீர் இறைத்தன. அழுக்குத் தண்ணீரையும் அதே கால்வாயில்தான் விட்டன. ஒரு பண்ணை கழித்துவிட்டது அடுத்த பண்ணைக்குக் குடிநீர். ஒருவனுடைய இறால் செத்தால், அவன் நட்டத்தைக் குறைக்க அவசரமாக மதகைத் திறப்பான். சாவு மிதந்துபோய் அடுத்தவனின் குழாய்வாயில் நிற்கும். யோசனை எப்படிக் கைமாறியதோ அப்படியே நோயும் கைமாறியது: எவரும் வடிகட்டாமல், ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு.

இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் வெறும் தொட்டிகள் தெரியும். உப்பேறிய நிலம். நெல்லும் விளையாது, தென்னையும் எழாது, கண்டலும் திரும்பி வர யோசிக்கும். தாலிக்கொடிகள் எங்கே என்று அடகுக்கடையில் கேட்கலாம். அந்தக் காலத்தில் ‘வெட்டுங்கள்’ என்று படம் போட்டுக் காட்டிய அதிகாரிகள் எங்கே என்று கேட்க வேண்டாம். ஓய்வூதியம் மாதாமாதம் தவறாமல் போகிறது. நட்டத்தில் பங்கு கேட்டு ஒருவரையும் யாரும் தேடிப் போனதில்லை.

இந்த வெற்றிகரமான மாதிரியைத்தான் எங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தலைமுறை தாண்டி, குளிரூட்டிய வாகனத்தில்.

விடத்தல்தீவு பெயரில்தான் தீவு. மன்னார்ப் பெருநிலத்தில், ஏ32 வீதியால் வந்து திரும்பினால் கால் நனையாமல் சேரலாம். கொழும்பில் கடதாசியை விரித்து வைத்திருப்பவருக்குப் பெயரே போதும். தீவு என்றால் தனியாகக் கிடக்கும், கேட்க ஆளிராது என்று நினைத்திருக்க வேண்டும். கண்டல், கடற்புல், சேற்றுப்படுகை, ஆவுளியா மேயும் கடல் எல்லாம் சேர்த்து 29,180 ஹெக்டேரை 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்தார்கள். 2024 மே மாதம் அதிலிருந்து 168 ஹெக்டேரை ஒரு வர்த்தமானியால் கழற்றி எடுத்தார்கள். எதற்கு? நீர்வாழ் உயிரின வளர்ப்புப் பூங்காவுக்கு. பூங்கா! அழகான சொல். பூவும் இல்லை, காவும் இல்லை, இறால் தொட்டி.

அரை வீதம்தானே, அதற்கும் கொஞ்சம் மேலே, இதுக்கும் ஒப்பாரியா என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உடம்பில் தொண்டை எத்தனை வீதம் என்று அவர்களிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

கண்டல் வேர்களுக்குள்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. தீனி போட வேண்டாம், மருந்து போட வேண்டாம், மோட்டர் ஓட்ட வேண்டாம். மின்சாரப் பட்டியல் வராத இறால் பண்ணை ஒன்று எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. அதற்குப் பங்குதாரர் இந்தக் கரையில் வலை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும். அதை அழித்து, கடன் எடுத்து, குஞ்சு வாங்கி, தீனி வாங்கி, அதே இறாலை வளர்க்கச் சொல்கிறார்கள். தொட்டிலை விறகாக்கிப் பிள்ளைக்குப் பால் காய்ச்சும் திட்டம்.

நல்ல காலம், சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அதே ஆண்டில் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ‘ஏற்கனவே செத்துப்போன தொழிலை ஏன் இங்கே தூக்கி வருகிறீர்கள்?’ என்ற ஒரு சின்னக் கேள்வி கேட்க, இந்த நாட்டில் சட்டத்தரணி வைக்க வேண்டியிருக்கிறது. அமைச்சு எதற்கு, அதிகார சபை எதற்கு, ஆலோசகர் எதற்கு, அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் பையன் எதற்கு? அந்தப் பையனிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பான். அவன் சிலாபத்துக்காரனாக இருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பான்.

சிலாபம் என்ற பெயரே சலாபத்திலிருந்து வந்ததென்று சொல்வார்கள். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. அதிலும் எங்களுக்கு ஒரு பாடம் கிடக்கிறது. யாரும் படம் போட்டுக் காட்டாத பாடம். மன்னார்க் கடலின் முத்துப்பார்கள் சில வருஷம் விளையும், பல வருஷம் தூங்கும். 1891க்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் சலாபமே இல்லை. 1903இல் திறந்தது. 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி ஏறியது. குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, அரசாங்கத்துக்கு இரண்டு. இலண்டனில் பத்திரிகை படித்தவர்களுக்கு வாய் ஊறியது. 1906இல் அங்கே ஒரு கம்பனி அமைத்து, முத்துப்பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். துரைமார், கணக்காளர், விஞ்ஞான அறிக்கைகள் எல்லாம் இருந்தன. கரையில் நின்ற குளிகாரன் ஒருவனிடம் ‘பார் எத்தனை வருஷம் தூங்கும்?’ என்று யாராவது கேட்டார்களா தெரியாது. கேட்டிருந்தால் குத்தகை எழுதியிருக்க மாட்டார்கள். 1907உடன் பார் திரும்பவும் தூங்கிவிட்டது. குத்தகை முடியும் முன்பே கம்பனி கலைந்தது. உச்சத்தைப் பார்த்து உள்ளே பாய்வதற்கு வெள்ளைத் தோல், கறுப்புத் தோல் என்று பேதமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது கடலட்டை. 2022 ஜூனில், நாடு எரிபொருள் வரிசையில் நின்றபோது, யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, மட்டக்களப்பில் 5,000 ஏக்கரில் அட்டை வளர்க்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கிளிநொச்சியின் கிராஞ்சியில் கடற்றொழிலாளர்கள் தங்கள் கடலை அடைக்காதீர்கள் என்று போராட்டத்தில் குந்தியிருந்தார்கள். அட்டையை நாங்கள் தின்பதில்லை. அது போகிற திசை ஒன்று, சீனச் சாப்பாட்டு மேசை. ஊர் முழுக்க ஒரே பலகாரம் சுட்டு ஒரே வாடிக்கையாளனுக்குக் காத்திருந்தால், விலை சொல்வது யார் என்பதைச் சந்தைக்குப் போய்வந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். அமைச்சரவையில் சந்தைக்குப் போய்வந்தவர் இல்லைப்போலும்.

கடன் கதைக்கு வருவோம். எனக்கு இரத்தம் கொதிக்கிற இடம் அதுதான்.

2008 ஜூலையில் விடத்தல்தீவை இராணுவம் பிடித்தது. சனம் அதற்கு முன்னரே இடம்பெயர்ந்து, அலைந்து, கடைசியில் திரும்பி வந்தபோது வலையுமில்லை, வள்ளமுமில்லை. சுவரில் கூரைத் தகரம் ஏறு முன்பே மோட்டர் சைக்கிளில் கழுத்துப்பட்டிப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். வன்னி முழுக்க இதே கதை. ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு, குழுவுக்குக் கடன், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வர் கட்ட வேண்டும். பிணை நிலமல்ல, நகையல்ல, அயலாருக்கு முன் வரும் வெட்கம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அவருடைய முற்றத்தில் பாய் விரித்துக் கூட்டம். ஐம்பதாயிரம் ரூபாய், மாதம் 2 வீதம், 12 மாதம், மொத்தம் 62,000. பிள்ளை வேகமாக வாசித்துவிட்டுப் பேனையை நீட்டினான். அக்கா மகளின் கொப்பியை எடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தார்.

“தம்பி, ஆறு மாசம் கட்டினாப் பிறகு என்ர கையில இருக்கிறது உங்கட 25,000தானே?”

“ஓம் அக்கா.”

“அப்ப ஏழாம் மாசமும் ஏன் 50,000க்கு வட்டி எடுக்கிறீங்கள்?”

பிள்ளை கொஞ்சம் திகைத்தான். பயிற்சியில் அந்தக் கேள்வி இல்லை. பிறகு பயிற்சியில் இருந்த பதிலைச் சொன்னான்: “அக்கா, எல்லாரும் எடுத்திட்டினம்.”

அந்தப் பென்சில் கணக்கு சரி. குறையும் கடனுக்கு முழுத்தொகை வட்டி எடுத்தால், 24 வீதம் என்று சொன்னது உண்மையில் 41 வீதத்தையும் தாண்டும். காப்புறுதி, பதிவுக் கட்டணம் என்று வெட்டுகிற வெட்டு தனி. பொருளியல் பட்டம் வாங்கியவர்கள் முகாமையாளர் நாற்காலியில் இருந்து மறைத்து வைத்ததை, கருவாடு காயப்போட்டுவிட்டு வந்த பெண் அரைப்பக்கத்தில் கண்டுபிடித்தார்.

அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? மற்ற நான்கு பெண்களும் முகத்தைத் திருப்பினார்கள். அவர் ஒப்பம் வைக்காவிட்டால் குழு இல்லை, குழு இல்லாவிட்டால் ஒருவருக்கும் கடன் இல்லை. “உனக்கு மட்டும்தான் கணக்குத் தெரியுமோ?” என்று ஒருத்தி கேட்டாள். பள்ளிக்குச் சப்பாத்து வாங்கவேண்டியவள் கேட்டாள், கேட்கத்தான் செய்வாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மாலைக்குள் அக்கா ஒப்பம் வைத்தார். அடுத்த வருஷம் தன்னுடையதையும் கட்டி, ஓடிப்போன ஒருத்தியின் மிச்சத்தையும் கட்டினார். சரியாக யோசித்ததற்கும் சேர்த்து வட்டி.

2018 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளிலிருந்து கடன் விவகாரங்களுக்கான நிபுணர் வந்தார், ஜுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, ஆர்ஜென்டீனாக்காரர். நுண்கடன் வட்டி ஆண்டுக்கு 40 முதல் 220 வீதம் வரை போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். உடனே கொழும்பில் கருத்தரங்கு, பத்திரிகையில் தலையங்கம். அவருடைய பதவியின் பெயர் என்ன தெரியுமோ? ‘சுயாதீன நிபுணர்’. சுயாதீனமும் எங்களுக்கு இறக்குமதிதான், பருப்பு மாதிரி. அக்காவின் கொப்பியில் இருந்த கணக்கு உள்ளூர் உற்பத்தி. அதற்குச் சந்தை இல்லை.

அந்த நிபுணர் வருமுன் ஆகஸ்டில், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாகச் சொன்னது. யாருக்கு? தவணை தவறியவர்களுக்கு. பட்டினி கிடந்து ஒழுங்காகக் கட்டிய அக்காவுக்கு அதிலும் இடமில்லை.

பெண்கள் ஏமாந்தார்கள், படிப்பறிவு போதாது, ‘நிதி அறிவு’ ஊட்டவேண்டும் என்று அதே நிறுவனங்கள் பிறகு செயலமர்வு நடத்தின. சரி, படித்தவர்கள் என்ன கிழித்தார்கள் என்று பார்ப்போம். 2007 ஒக்டோபரில் இலங்கை முதன்முறையாகச் சர்வதேசச் சந்தையில் பிணைமுறி விற்றது: 50 கோடி டொலர், 8.25 வீதம். உலகத்தின் பெரிய வங்கிகள் தரகு வேலை பார்த்தன. அந்த நிதியம் வாங்கியதென்று இந்த நிதியம் வாங்கியது. இந்த நிதியம் வாங்கியதென்று இன்னொன்று. எங்கள் பக்கத்திலும் பழைய கடனை அடைக்கப் புதிய கடன் எடுத்து, அதைத் திறமை என்று மேடையில் சொன்னார்கள். முற்றத்தில் பாய் விரித்துச் செய்ததை இவர்கள் கண்ணாடி மாளிகையில் மேசை போட்டுச் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது.

தவணை தவறிய பெண்ணின் வீட்டுக்கு இரவு எட்டு மணிக்கு ஆள் வந்து படலையில் நின்று ஏசினான். நாடு தவறியபோது ஆள் வரவில்லை, ஆலோசகர்கள் வந்தார்கள். இரண்டரை வருஷம் பேசி, தவணையை நீட்டி, அசலில் ஒரு பகுதியைக் கழித்து, 2024 டிசம்பரில் பிணைமுறிகளை மாற்றிக் கொடுத்தார்கள். இடையில் உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கிறோம் என்று ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்தார்கள். கடலோரத்து நண்டுக் கொம்பனியில் நின்றபடி சதை எடுக்கும் பிள்ளையின் சேமிப்பும் அதற்குள்தான். கூட்டத்தோடு சேர்ந்து தோற்ற பெரியவர் ஒருவருக்கும் நாற்காலி ஆடவில்லை. ‘எல்லாரும்தான் வாங்கினோம்’ என்பது முற்றத்தில் பலவீனம், கண்ணாடி மாளிகையில் தற்காப்பு.

1950இல் பிறந்த மத்திய வங்கிக்கு 2023இல் புதுச் சட்டம் போட்டுச் சுயாதீனம் வழங்கினார்கள். 73 வயதில். பெரிய மனுசியாவதற்கு எங்கள் ஊரில் இவ்வளவு நாள் எடுப்பதில்லை. சடங்குச் செலவு யார் தலையில் என்பதை மின்சாரப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

அதே 2023இல்தான் எம்ரிஎப்ஈ என்ற முதலீட்டுச் செயலியும் ஆகஸ்டில் கவிழ்ந்தது. அதை விற்றவர்கள் என்ன சொல்லி விற்றார்கள் என்று கவனியுங்கள்: ‘ஆட்டுமந்தை மாதிரி வங்கியில் போடாதே. வித்தியாசமாக யோசி.’ வித்தியாசமாக யோசித்தவர்கள் எல்லோரையும் ஒரே வாட்சப் குழுவில் சேர்த்தார்கள். தடை செய்யப்பட்ட பிரமிட்டுத் திட்டம் என்று மத்திய வங்கி பட்டியல் போட்டபோது, சிலர் ‘பொறாமை’ என்றார்கள். மன்னார் நகரத்தில் வீதிக்கு நடுவில் கழுதைகள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். பஸ் ஒலியெழுப்பினாலும் அசையாது. முன்னால் போன கழுதை கானுக்குள் விழுந்தால் பின்னால் வருவது நின்று பார்க்கும். அதைத்தான் நாங்கள் முட்டாளுக்கு உவமை சொல்கிறோம்.

மண்டபத்தில் கூட்டம் முடியும் நேரம். வளவாளர் எங்களை ‘பங்குதாரர்களே’ என்று கூப்பிட்டார். அரசாங்கக் கடதாசியில் எங்களுக்கு அதுதான் பெயர். இலாபம் வந்தால் முதலீட்டாளர், நட்டம் வந்தால் பங்குதாரர்.

“ஏதும் கேள்வி இருக்கோ?” என்றார், பையின் வாரைப் பூட்டிக்கொண்டே.

சம்மாட்டி திரும்பவும் எழும்பினார். “பண்ணையில நோய் வந்தால் உங்கட சம்பளம் நிக்குமோ, தம்பி?”

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. வளவாளர் அலுவலரைப் பார்த்தார், அலுவலர் பார்சல் பெட்டியைப் பார்த்தார். “ஐயா, அபிவிருத்திக்குத் தடையாக இருக்கக்கூடாது” என்று யாரோ சொன்னார்கள். யார் என்று தெரியவில்லை. இப்படியான வசனங்களுக்குச் சொந்தக்காரர் இருப்பதில்லை.

பின்னூட்டப் படிவம் வந்தது. ‘உங்கள் கருத்து’ என்ற தலைப்பின் கீழ் ஏற்கனவே அச்சடித்திருந்தார்கள்: மிகவும் பயனுள்ளது, பயனுள்ளது, ஓரளவு பயனுள்ளது. சரி போட்டால் போதும். சம்மாட்டி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். மூன்றையும் வாசித்தார். கடதாசியைப் புரட்டி, வெறும் பக்கத்தில் கணக்கு எழுதத் தொடங்கினார்: நண்டு கிலோ விலை, ஒரு வலைக்கு எத்தனை கிலோ, ஊரில் எத்தனை வலை, வருஷத்தில் எத்தனை நாள் கடல். கண்டல் எங்களுக்கு வருஷா வருஷம் கொடுப்பதை, அவருக்குத் தெரிந்த இலக்கங்களில், நிதானமாக. பெருக்கற்குறி போட்டுக்கொண்டிருக்கும்போது படிவம் சேர்க்கிற பிள்ளை வந்து நின்றாள்.

“ஐயா, பின்பக்கத்தில எழுதினால் செல்லாது.”